அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டடத்தில் எல்லோரும் ஷூக்காரர் என்றுதான் சொல்வோம். கடைவீதியில் பெரிய செருப்புக் கடை ஒன்றில் பத்தொன்பது வருஷம் விற்பனையாளராக இருந்தவர். முட்டி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களின் காலை அளந்து, பெருவிரலுக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தே முழங்கால் தேய்ந்துபோனவர். என் இடது கால் வலதைவிட அரை நம்பர் பெரியது என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். படியேறும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். அது விளையாட்டா நிஜமா என்று இன்றுவரை தெரியாது.

ஜனங்கள் கடையில் போட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் இணையத்தில் வாங்க ஆரம்பித்த காலத்தில் முதலாளி ஆறு விற்பனையாளர்களை இரண்டாகக் குறைத்தார். வெளியே வந்த நான்கு பேரில் இவர் ஒருவர். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை இருந்ததால் அடுப்பு எரிந்தது. நான்கு மாதம் இவர் பால்கனியில் நின்று தெருவில் போகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எட்டாம் வகுப்பில் இருந்த மகள்தான், "உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்கப்பா, நான் ஏத்திடறேன்" என்று ஒரு இணையதளம் ஆரம்பித்துக் கொடுத்தாள்.

அகலமான பாதம், தட்டைப் பாதம், சர்க்கரை நோயாளியின் கால், கர்ப்பிணியின் வீங்கிய கால், எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்கிறவரின் கால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதினார். எந்த ஷூ எந்தக் காலுக்கு ஆகும், எது ஒரு நம்பர் சின்னதாக வரும் என்று கடையில் பேசுகிற மாதிரியே எழுதினார். கீழே, எல்லோரும் வாங்கும் பெரிய இணையக் கடை ஒன்றுக்கு ஒரு லிங்க். அதை அழுத்திப் போய் யாராவது வாங்கினால் இவருக்குக் கமிஷன். வாங்குகிறவருக்கு விலை ஒரு காசும் ஏறாது. மூன்றாம் வருஷம் அந்தக் கமிஷன் பழைய கடைச் சம்பளத்தைத் தாண்டியது. தன் வேலை போகக் காரணமான இணையக் கடைக்கே ஆள் பிடித்துக் கொடுக்கிறோமே என்று முதலில் கொஞ்சம் உறுத்தியதாம். பிறகு பழகிவிட்டது.

அரசாங்கம் இவரைக் கவனிக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். முதலில், கமிஷன் வாங்கி எழுதுகிறவர்கள் அதை ஒவ்வொரு பக்கத்திலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வந்தது. மற்றவர்கள் அந்த வரியைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அடியில் போட்டார்கள். இவர் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் உச்சியில் போட்டார். மூன்று வாரம் ஆனது. அதனால் வருமானம் ஒன்றும் குறையவில்லை. பிறகு, கமிஷன் தொழிலாகப் பதிவு செய்துகொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும் என்றார்கள். பதிவு செய்தார், வரி கட்டினார். வரி அலுவலகத்திலிருந்து வந்த பதிவுச் சான்றிதழைப் பார்த்து மனைவி, இத்தனை வருஷம் கழித்து நீங்களும் ஒரு முதலாளி என்று கேலி செய்தாராம். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

மூன்றாவதாக வந்த சட்டம் இவரைப் பற்றியதே இல்லை. வெளிமாநில இணையக் கடைகள் நம் மாநிலத்தில் விற்பனை வரி வாங்காமல் விற்கின்றன, அதனால் உள்ளூர்க் கடைகள் படுத்துவிட்டன என்று வியாபாரிகள் சங்கம் பல வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு கடைக்கு இந்த மாநிலத்தில் லிங்க் போட்டுக் கமிஷன் வாங்கும் ஆள் ஒருவர் இருந்தாலும், அந்தக் கடையே இங்கே இருப்பதாகக் கணக்கு. அப்படியானால் வரி வாங்கித்தான் ஆக வேண்டும். அந்தப் பெரிய இணையக் கடை வரி வாங்கவில்லை. இங்கே லிங்க் போட்ட ஆட்களை நீக்கிவிட்டது.

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தது. இந்த மாநில முகவரி உள்ள அனைவரின் ஒப்பந்தமும் மாதக் கடைசியோடு முடிகிறது, இதுவரை அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி. அவ்வளவுதான். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனாராம். காய்ந்திருந்தது. எடுத்து மடித்து வைத்தார். சாயங்காலம் மனைவி வந்து இரண்டாவது டம்ளர் காபி குடிக்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

மனைவியின் தம்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த மாநிலத்தில் இருந்தான். பேருந்தில் முக்கால் மணி நேரம். விஷயம் கேள்விப்பட்டதும் ஓடி வந்தான். தன் வீட்டு முகவரியைப் போட்டு மறுபடியும் சேர்ந்துவிடலாம், பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றான். ஷூக்காரர் வேண்டாம் என்றார். நேர்மைக்காகவா என்று நான் ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க. எந்திரிச்சுப் போய் ஒரு படிவம் நிரப்பணும்னு தோணல" என்றார்.

அவருடைய மனைவிக்கு அதுதான் பொறுக்கவில்லை. மாதக் கடைசியில், லிங்குகள் எல்லாம் செத்துப்போன அன்று, எங்கள் சுவர் வழியாகக் கேட்டது. சத்தம் போடவில்லை, கெஞ்சுகிற குரல்.

"என்னங்க, கோவமாவது படுங்களேன்."

"யார் மேல?"

சட்டம் போட்டவர்களா, கடையா, சங்கமா? எல்லோரும் அவரவர் வேலையைத்தான் பார்த்திருந்தார்கள்.

மகள் கல்லூரிக்குப் போகும் முன் ஷூ வாங்க வேண்டியிருந்தது. பழைய கடைக்கே அழைத்துப் போனார். முதலாளிதான் இப்போது வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர். கடையில் பாதி இடத்தைக் கைப்பேசிக் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இவரைப் பார்த்ததும் தானே எழுந்து வந்தார்.

"உன்னக் குறி வச்சுப் பண்ணலப்பா. நாங்க வரி கட்டி விக்கிறோம், அவன் கட்டாம விக்கிறான். அது நியாயமா, நீயே சொல்லு."

"நியாயமில்லதான்."

"உன்ன மாதிரி ஆளுங்க நடுவுல மாட்டுவீங்கன்னு யாரு கண்டா?"

"பரவால்ல முதலாளி. பாப்பாவுக்கு ஆறு நம்பர் எடுங்க, அகலமானதா."

முதலாளியே முட்டி போட்டு மகளுக்கு ஷூ மாட்டிவிட்டார். விலையில் பத்து சதவீதம் தள்ளியும் கொடுத்தார். கடைக்குக் கூட்டம் திரும்பி வந்ததா என்று இவர் கேட்கவில்லை. மகள் கேட்டாளாம். இன்னும் இல்லை என்றாராம் முதலாளி.

வருமானம் நின்றதே தவிரப் பதிவு நிற்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி அலுவலகம் படிவம் கேட்டது. காட்டாவிட்டால் அபராதம். எனவே உட்கார்ந்து, கமிஷன் வருமானம் என்ற கட்டத்தில் பூஜ்யம், வரி என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று நிரப்பி அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் "தங்கள் பங்களிப்புக்கு நன்றி" என்று பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டினார். நான் சிரித்தேன். அவரும் நான் சிரித்ததற்காகச் சிரித்தார்.

ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் பெரிய கடை நம் ஊர் எல்லையிலேயே ஒரு கிடங்கு கட்டியது. விற்பனை வரி வாங்கவும் ஒப்புக்கொண்டது. சட்டத்துக்குப் பயந்து இல்லை. சாமானைச் சீக்கிரம் கொண்டுசேர்க்க இடம் தேவைப்பட்டது. கிடங்குக்கு ஆள் எடுத்தபோது ஷூக்காரர் சேர்ந்தார். திருப்பி அனுப்பப்பட்ட பார்சல்களைப் பிரித்து, மறுபடி விற்கலாமா கூடாதா என்று பார்க்கும் வேலை. பெரும்பாலும் செருப்பும் ஷூவும்தான். ஒரு நாளைக்கு முந்நூறு ஜோடி. "எல்லாம் ஒரு நம்பர் தப்பா வாங்கினது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் ஒருமுறை. அதுதான் இந்த விஷயத்தில் அவர் பட்ட அதிகபட்ச வருத்தம், எனக்குத் தெரிந்து.

அடுத்த சில மாதத்தில், இந்த மாநிலத்துக்காரர்கள் மறுபடி லிங்க் போடலாம் என்று கடை அறிவித்தது. கமிஷன் விகிதம் முன்பு கொடுத்ததில் பாதி. கிடங்கு ஊழியரும் அவர் குடும்பமும் சேரக் கூடாது என்று ஒரு நிபந்தனை. மகள் விடுதியிலிருந்து போன் செய்து, வேலையை விட்டுவிடுங்கள், தளத்தைச் சரிசெய்து தருகிறேன் என்றாள். அவர் இரண்டு நாள் உட்கார்ந்து பக்கங்களைப் பார்த்தார். அவர் எழுதிய ஷூக்களில் பாதிக்கு மேல் இப்போது யாரும் தயாரிப்பதில்லை. விரல் வீக்கத்துக்கு நல்லது என்று அவர் கொண்டாடிய ஒரு ஷூவின் கம்பெனியே மூடிவிட்டிருந்தது. மகளைக் கூப்பிட்டு, கிடங்கில் மருத்துவக் காப்பீடு இருக்கிறது, அம்மாவுக்கும் சேர்த்து, என்றார்.

தளத்தை மூடவில்லை. லிங்குகளை மட்டும் எடுத்துவிட்டார். ஓய்வு நாளில் அங்கே வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவார், இந்த நம்பர் வாங்குங்கள், எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள் என்று.

பதிவை ரத்து செய்ய வரி அலுவலகத்துக்கு அவர் போன அன்று எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது, சேர்ந்து போனோம். படிவத்தில், தொழிலை நிறுத்தியதற்கான காரணம் என்று ஒரு கேள்வி. மரணம், விற்பனை, கூட்டாளி பிரிவு, மற்றவை. மற்றவை என்பதில் டிக் அடித்து, பக்கத்தில் இருந்த கோட்டை வெறுமையாக விட்டுக் கொடுத்தார். ஜன்னலுக்குள் இருந்த பெண் ஊழியர் திருப்பித் தந்தார்.

"இதுல ஏதாவது எழுதணுங்க சார். காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காது."

"என்ன எழுதணும்?"

"என்ன காரணமோ அதை."

அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அந்தப் பெண் இரக்கப்பட்டு, "சொந்தக் காரணம்னு போடுங்க சார், எல்லாரும் அதான் போடுவாங்க" என்றார். இவர் அப்படியே எழுதினார். முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்கள். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் என்று அவர் அங்கிருந்தே கிடங்குப் பேருந்தில் ஏறினார்.