மேற்குப் பார்த்த சன்னல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ராவுத்தமார் குடியிருந்த அந்தத் தெருவில் யார் புதிதாக வீடு கட்டினாலும், இருக்கிற வீட்டில் ஒரு தாழ்வாரம் இறக்கினாலும், முதலில் தெருக்காரர்கள் வந்து பார்த்தாக வேண்டும். ஜும்மா தொழுகை முடிந்ததும் பெரிய ஆட்கள் சிலர் கயிறும் சுண்ணாம்புமாக வருவார்கள். வாசல் எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே போய் விழும், சுவர் எவ்வளவு எழும்பும், சன்னல் யார் வீட்டு முற்றத்தைப் பார்க்கும் என்றெல்லாம் கேட்பார்கள். அக்கம்பக்கத்தாருக்கு ஆட்சேபம் உண்டா என்று விசாரிப்பார்கள். அதற்குப் பிறகே கொத்தனார் கரண்டியைத் தொடலாம். இதை யாரும் தொல்லையாக நினைத்ததில்லை. நூர்பானுவும் நினைத்ததில்லை, பக்கத்து வீட்டுச் சேக் முகைதீன் மெத்தை எடுத்து மாடி கட்டப் போகிறார் என்று கேள்விப்படும் வரையில்.

சேக் முகைதீன் பஞ்சு வியாபாரி. கீழ்வீடு முழுக்க மூட்டையும் தூசியும். மருமகள் தலைப்பிரசவத்துக்கு இருந்தாள். மூச்சு முட்டுகிறது என்று பாதி நாள் படுத்தே கிடந்தாள். மாடியில் ஓர் அறை போட்டு, மலைக்காற்று வரும்படி ஒரு பெரிய சன்னலும் வைத்துவிட்டால் பிள்ளையும் தாயும் சுகமாக இருப்பார்கள் என்பது அவர் எண்ணம். கிழக்கு வீட்டில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் இருந்தார்கள். அந்தப் பக்கம் சன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. காற்று வரும் மேற்குப் பக்கம் நூர்பானுவின் வீடு. அவள் தனிக்கட்டை. புருஷன் வாந்திபேதியில் போய் வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன் ஹுமாயூன் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருக்கிறான். மறைக்க வேண்டிய வயசுப் பெண் எவளும் இல்லாத வீட்டு முற்றம்தானே என்று தெரு நினைத்தது.

ஹுமாயூன் கொழும்புக்குப் போகவில்லை. முற்றத்தின் கோடியில், முன்பு ஆடு கட்டிய அறையில் இருந்தான்.

நூர்பானு அந்தத் தெருவின் மருத்துவச்சி. அங்கே ஓடித் திரிந்த பிள்ளைகளில் பாதிப்பேரை முதலில் ஏந்தியது அவள் கைதான். மகனுடைய முதுகில் வெளிறிய படை ஒன்றைப் பார்த்தபோது தேமல் என்றுதான் நினைத்தாள். பிறகு ஒருநாள் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கியவன், உள்ளங்கை வெந்து தோல் உரிந்ததுகூடத் தெரியாமல் சோற்றைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தான். அது தேமல் இல்லை என்று அப்போது தெரிந்தது. ராஜபாளையத்தில் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அவர் பெருநோய், குஷ்டம் என்று சொல்லி, நீரடிமுத்து எண்ணெய் கொடுத்து, அதைப் பூசிக்கொண்டு வெயிலில் உட்கார வேண்டும் என்றார். வெளியே தெரிந்தால் ஊர் வைத்திருக்காது என்றும் சொன்னார்.

அதை அவர் சொல்லவே வேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளி இந்த நோய் கண்ட ஒருவனை என்ன செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். மகன் கப்பலேறிவிட்டான் என்று தெருவில் சொன்னாள். தன் கையில் நடுக்கம் கண்டுவிட்டது, இனிமேல் பிள்ளைப்பேறுக்கு வரமுடியாது என்றும் சொன்னாள். சேக் முகைதீனின் மனைவி மெகராஜ் பேகம் வந்து, "என் மருமகளுக்காவது வாங்கக்கா" என்று கெஞ்சியபோதும் மறுத்துவிட்டாள். அன்றிலிருந்து மெகராஜ் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தெருக்காரர்கள் வந்தபோது நூர்பானு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பெரியவர் காதர் ராவுத்தர் நிதானமாகக் கேட்டார்.

"மேக்க ஒரு சன்னல் வைக்கணும்னு சொல்லுதாக. ஒனக்கு ஒண்ணும் இல்லையே தங்கச்சி?"

"வேண்டாம்ண்ணே. வைக்கக் கூடாது."

காரணம் கேட்டார்கள். தான் குளிக்கிற இடம் என்றாள். குளிக்கிற மூலையை மட்டும் தட்டி வைத்து மறைத்துத் தரச் சொல்வதாக அவர்கள் சொன்னார்கள். அதுவும் வேண்டாம் என்றாள். மருத்துவச்சியாக இருந்தவள் ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் காற்று விடமாட்டேன் என்கிறாளே என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. காரணமில்லாத ஆட்சேபத்தை ஏற்க முடியாது, அடுத்த ஜும்மாவுக்குள் காரணம் இருந்தால் சொல்லி அனுப்பட்டும் என்று முடித்துவிட்டுப் போனார்கள். மறுநாளே செங்கல் வந்து இறங்கியது.

அவள் என்னென்னவோ யோசித்தாள். முற்றத்துக்கு மேல் ஓலைப்பந்தல் போட்டுவிடலாமா என்று பார்த்தாள். பந்தல் போட்டால் அவனுக்கு வெயில் இல்லை. தன் சுவரை உயர்த்தலாம் என்றால், அதற்கும் தெருக்காரர்கள் கயிறு பிடித்துக்கொண்டு முற்றத்துக்குள் வரவேண்டும். இந்த வீட்டில் ஒரு கீற்றைச் செருகவும் அவர்களைக் கேட்காமல் முடியாது. மகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"நான் எங்கயாவது போயிருதேம்மா. ஒன் பேராவது மிஞ்சும்."

"போனா நானும் கெணத்துல விழுந்துருவேன். பேசாம இரு."

அப்படிச் சொன்னாளே தவிர, அவன் சொல்லாமல் கிளம்பிவிடுவானோ என்ற பயத்தில் கொல்லைக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பெற்ற பிள்ளையைத் தானே பூட்டி வைக்கிறோமே என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை.

பக்கத்துச் சுவர் ஒவ்வொரு வரிசையாக எழும்பியது. சன்னலுக்கு விட்ட இடைவெளியில் கொத்தனாரின் முண்டாசு தெரிய ஆரம்பித்த அன்று, ஹுமாயூன் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. வெயில் முற்றத்தில் காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற நூர்பானு, துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு நேராக மெகராஜிடம் போனாள்.

மெகராஜ் அடுக்களையில் தனியாக இருந்தாள். நூர்பானு உள்ளே நுழையாமல் நிலைப்படிக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"ஹுமாயூன் கொழும்புல இல்ல. வீட்டுலதான் இருக்கான். பெருநோய்."

மெகராஜ் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு ஓரடி பின்னால் போனாள்.

"அதனாலதான் எம் மருமகளுக்கு வரமாட்டேன்னீகளா?"

"பச்சப்பிள்ளைய இந்தக் கையால எப்படித் தொடுவேன்? அதனாலதான் கை நடுங்குதுன்னு சொன்னேன். இப்ப நெசமாவே நடுங்குது."

மெகராஜ் போய் மருமகள் படுத்திருந்த அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவள் முகத்தில் இரக்கமும் பயமும் மாறி மாறி வந்தன. நூர்பானு அதைப் பார்க்க மாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் மெகராஜ் சொன்னது இதுதான்: சன்னலுக்கு மரம் வரவில்லை என்று சாக்குச் சொல்லி அந்த இடைவெளியைக் கோணிப்படுதா போட்டு மூடி வைப்பாள். புருஷனிடம்கூட வாய் திறக்கமாட்டாள். ஆனால் மருமகளுக்கு வலி எடுக்கும் முன்னால் ஹுமாயூன் இந்தத் தெருவில் இருக்கக் கூடாது. கூமாப்பட்டிக்கு அப்பால், மலையடிவாரத்தில், அவள் பிறந்த வீட்டாருக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. காவலுக்குப் போட்ட குடிசை காலியாகக் கிடந்தது. அங்கே போய் இருக்கலாம்.

"என்னைத் தப்பா நெனைக்காதீங்கக்கா. வரப்போறது எம் பேரப்பிள்ள."

நூர்பானு தப்பாக நினைக்கவில்லை. அந்த இடத்தில் தான் இருந்தால் இவ்வளவாவது செய்திருப்போமா என்றுதான் யோசித்தாள்.

மகன் கூப்பிட்டான், கொழும்புக்குப் போகிறேன் என்று தெருவில் சொன்னாள். அதைக் கேட்டதும் எல்லோருடைய மனத்தாங்கலும் கரைந்துபோயிற்று. இதற்காகத்தான் சன்னலுக்கு அப்படிக் குறுக்கே நின்றாளோ, பிள்ளையை நினைத்துப் புத்தி பேதலித்திருக்கும் என்று அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். புறப்படும் அன்று பெண்கள் வாசல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். ஹுமாயூனுக்கென்று பொரிவிளங்காய் உருண்டையும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுவந்தார்கள். கொழும்பில் கடை வைத்திருக்கும் புருஷனுக்குத் தன் கையால் தைத்த சட்டை ஒன்றைக் கொடுத்து, அவிய கையிலேயே சேர்த்துவிடுங்கள் என்றாள் நசீமா என்ற சின்னப்பெண். வாங்காமல் இருக்க முடியவில்லை. வாங்கிக்கொண்டபோது நூர்பானுவுக்கு உடம்பு கூசியது.

கூண்டு வண்டி கொல்லைப்புறச் சந்தில் நின்றது. வண்டிக்காரன் கண்ணுச்சாமி மெகராஜின் பிறந்த வீட்டு ஆள். அவனிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தார்கள். பெண்கள் முன்வாசலில் நிற்கும்போதே ஹுமாயூன் உடம்பைப் போர்த்திக்கொண்டு உள்ளே ஏறி வைக்கோலில் குறுகி உட்கார்ந்திருந்தான். மெகராஜ் கொல்லைக்கதவை அடைத்துக்கொண்டு நின்று யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. சாத்தூர் ரயிலுக்குத்தான் வண்டி போகிறது என்று தெரு நினைத்தது. ஊர் எல்லை தாண்டியதும் கண்ணுச்சாமி மாட்டை வத்திராயிருப்புப் பாதையில் திருப்பினான். அவன் ஒருதரமும் உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் ஹுமாயூன் பொரிவிளங்காய் ஒன்றை எடுத்துக் கடித்தான். அவனுக்கென்று யாரோ உருட்டியதைத் தின்று எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. தாயும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அழுதார்கள்.

நசீமாவின் சட்டையை, கண்ணுச்சாமி மூலம் மெகராஜுக்கே திருப்பி அனுப்பினாள். தூத்துக்குடிக்குப் போகும் பஞ்சு வண்டியோடு மெகராஜ் அதை எப்படியோ கப்பலேற்றி விட்டாள். மருமகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது என்றும், படுதாவை எடுத்துவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றும் கண்ணுச்சாமி சொன்னான். தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததா, தாய்க்குக் காய்ச்சல் ஏதும் உண்டா என்று நூர்பானு அவனைத் துருவித் துருவிக் கேட்டாள். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

தோப்பில் வெயிலுக்குக் குறைவில்லை. அப்படியும் நோய் நிற்கவில்லை. சில மழைக்காலங்கள் கழிந்த பின் ஹுமாயூன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். குழி வெட்டவும் தூக்கவும் கண்ணுச்சாமியைத் தவிர ஆள் வரவில்லை. அவள் தெருவுக்குத் திரும்பவில்லை. கொழும்பில் மகன் என்ன ஆனான் என்று கேட்பார்கள். இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பில்லை.

அவள் மருத்துவச்சி என்பது கூமாப்பட்டியில் மெல்ல மெல்லத் தெரிந்துபோயிற்று. இடுப்புவலி கண்ட வீட்டிலிருந்து ஆள் வந்தால் போவாள். ஆனால் உள்ளே நுழையமாட்டாள். தன் உடம்பில் இன்னும் ஒரு படையும் விழவில்லை என்று தினமும் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகும் நுழையமாட்டாள். வெளிச்சுவரோரம் குந்தியபடி, இப்போது மூச்சைப் பிடி, இப்போது விடு, காலை அகட்டு, தலை தெரிகிறதா பார் என்று குரலாலேயே சொல்லிக்கொடுப்பாள். உள்ளே குழந்தை வீறிட்டதும் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தோப்பைப் பார்த்து நடப்பாள்.