ஆளுக்கு ஆறு கியர்

எங்கள் பழைய மில்லிங் மிஷினில் ஒரு கியர் உடைந்துவிட்டது. மாற்றுக் கியர் தேடி உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஏழாவது கடைக்குப் போனேன். கிரீஸ் வாடையடித்த சாக்குக்குள் கைவிட்டதும் ஒன்று அகப்பட்டது. பற்களை எண்ணினேன், உடைந்ததைப் போலவே நாற்பத்தெட்டு. விளிம்பில், பட்டறை ஒன்றாயிருந்தபோது அப்பா அடையாளத்துக்கு உளிமுனையால் குத்திய மூன்று புள்ளிகள். பெரியப்பா வீட்டார் எடைக்குப் போட்டிருக்கிறார்கள்.

எனக்குப் பத்து வயதில் அப்பாவும் பெரியப்பாவும் பட்டறையைப் பிரித்தார்கள். மில்லிங் மிஷின் அப்பாவுக்கு, லேத் பெரியப்பாவுக்கு. மில்லிங் மிஷினோடு ஒரு மரப்பெட்டியில் பன்னிரண்டு கியர்கள் இருந்தன. வேறு எந்த மிஷினுக்கும் அவை பொருந்தாது.

"ஆளுக்கு ஆறு. அதுதான் நாயம்" என்றார் பெரியப்பா.

"ஏனுங்ணா, உங்களுக்கு அது எதுக்குங்க?"

"கதவுக்கு முட்டுக் குடுக்கறேன். நீ எண்ணி வையி."

அப்பா எண்ணி வைத்தார். கையில் ஒட்டிய எண்ணெயைப் பெரியப்பா எங்கள் சுவரிலேயே துடைத்துவிட்டுப் போனார். மிச்ச ஆறு கியரை வைத்துச் செய்ய முடியாமல், அதன்பின் வந்த வேலையில் பாதியை அப்பா திருப்பி அனுப்பினார்.

"ஒருக்கா போய்க் கேளுங்களேன்" என்பாள் அம்மா.

"செத்தாலும் கேக்கமாட்டேன்." கேட்கவுமில்லை.

உக்கடத்தில் கிடைத்த கியரை நேற்று நானும் மிஷின் பழுதுபார்க்கும் பிட்டரும் மாட்டினோம். அதில் ஒரு பல்கூடத் தேயவில்லை. எங்களுடையவை தேய்ந்து கூராகிவிட்டன. இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் கரகரத்தன.

"இதுகளைச் சேத்து ஓட்ட முடியாதுங்கய்யா" என்றார் பிட்டர். "அன்னைக்கே ஒண்ணா ஓடியிருந்தா ஒண்ணாத் தேஞ்சிருக்குமுங்க."