ஆனை வராத பல்கலைக்கழகம்

என் மகள் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதை முதலில் அலசி ஆராய்ந்தவர்கள், பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கொழுந்து பறிக்கும் பெண்கள். இடம், கொழுந்தை எடை போடும் கொட்டகை. வீடியோ ஓடுகிற அளவுக்கு எங்களுக்கு சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். நான் பறிக்கிறவள் இல்லை. பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலெல்லாம் வைத்துப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. சிலோனிலிருந்து என் அம்மா கொண்டுவந்த சொல் அது, இன்னும் எங்களுக்கு அதுதான் வாயில் வருகிறது. சாயங்காலம் பிள்ளைகளை அவரவர் அம்மாவிடம் ஒப்படைக்கக் கொட்டகைக்குப் போவேன். லாரி வரும்வரை எல்லோரும் சும்மா நின்றுகொண்டிருப்போம். அப்படி ஒரு நாள் மகள் போனைத் திறந்தாள், சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

கூடலூரில் தாவரவியல் படித்து முடிக்கிற நேரம் அவளுக்கு. மேற்படிப்புக்கு மூன்று இடங்கள் பார்த்து வைத்திருந்தாள். சென்னையில் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று, ஐதராபாத்தில் ஒன்று. மூன்றும் அரசாங்கத்துப் பல்கலைக்கழகங்கள், மூன்றும் பெரியவை. ஒவ்வொன்றையும் யாரோ ஒரு மாணவர் நடந்துகொண்டே படம் பிடித்துப் போட்டிருந்தார்.

முதலில் சென்னை வந்தது. கட்டடம், அதற்குப் பின்னால் கட்டடம்.

"மரத்தையே காணமே! இவ செடியப் படிக்கப் போறாளா, செவுத்தப் படிக்கப் போறாளா?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் வரிசையில் அவள் வீடும் என் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. அதனால் என் வீட்டு விஷயம் எதிலும் முதல் கருத்து அவளுடையதுதான்.

அடுத்தது ஐதராபாத். கேட்டைத் தாண்டி வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு பக்கமும் புதர். பெரிய பெரிய பாறை. நடுவில் ஒரு ஏரி வேறு. பெண்கள் போனை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"அடியாத்தி, இது ஆனைக்காடு!" என்றாள் அக்கா.

"அங்க ஆனையே கெடையாது பெரியம்மா. மயில்தான் இருக்கு."

"ஒனக்கு யாரு சொன்னா? தண்ணி இருக்கு, பொதரு இருக்கு. இன்னும் என்னா வேணும் அதுக்கு? கேட்டுல கையெழுத்துப் போட்டுட்டா உள்ள வரும்?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கூட நின்ற ஒருத்தியும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. ஊட்டிக்கு வருகிற டூரிஸ்ட்டுக்குப் பச்சையைப் பார்த்தால் போட்டோ எடுக்கத் தோன்றும். நாங்கள் பச்சையைப் பார்த்தால் பத்தடி தள்ளி நின்று, உள்ளே ஏதாவது கிளை முறிகிற சத்தம் கேட்கிறதா என்று கவனித்துவிட்டுத்தான் காலை வைப்போம். வளர்ந்த விதம் அப்படி.

கோயம்புத்தூர் வீடியோவில் கேட்டுக்கு எதிரிலேயே பேக்கரி, பக்கத்தில் பஸ் ஸ்டாப். "இதுதான் டவுனு. நம்ம புள்ளைக்கு இதான் லாயக்கு" என்று தீர்ப்பாகிவிட்டது. லாரியும் வந்துவிட்டது.

"சரி பெரியம்மா, ஐதராபாத் வேணாம்னா விட்டுரலாம்" என்றாள் மகள்.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. கஞ்சிக்கு உப்புப் போதுமா என்பதற்கே அரை மணி நேரம் வாதாடுகிற பிறவி அவள். இரண்டாம் வருஷத்திலிருந்து அவள் போனைத் திறந்தாலே அந்த ஐதராபாத் பாறைதான் முகப்பில் நிற்கும். அங்கே இருக்கிற ஆய்வுக்கூடத்தைப் பற்றி, எனக்குப் புரிகிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல், சோறு ஆறுகிறவரை பேசியிருக்கிறாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுக்கிறாளா?

வீட்டுக்கு வந்து கேட்டேன். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போட்டாயிற்றாம். ஐதராபாத்துக்குப் போடவில்லையாம். அதற்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

"நீங்கல்லாந்தான ஆனைக்காடுன்னு சொன்னீங்க?" என்று என்னையே மடக்கினாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சரி, அந்தக் கோயம்புத்தூரு என்னா பெரிய அரண்மனைன்னு நேர்லயே பாத்துட்டு வந்துருவோம், கெளம்பு" என்றேன். லீவு சொல்லிவிட்டு விடிகாலை பஸ் ஏறினோம். ஊட்டி தாண்டி, மேட்டுப்பாளையம் இறங்கி, ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது.

நல்ல இடம்தான், பொய் சொல்லக்கூடாது. அகலமான ரோடு, நிழல், சேலைத் தலைப்பு பறக்கிற காற்று. பின்னால் மலை. அந்த மலையைப் பார்த்ததும் எனக்கு நம்ம ஊர் போலவே இருந்தது, மனசுக்குப் பிடித்துவிட்டது. சுற்றிப் பார்த்துக்கொண்டே ஒரு பாதையில் திரும்பினோம். வாட்ச்மேன் ஒருவர் ஓடி வந்தார்.

"ஏனுங்க, அந்தப் பக்கம் போகாதீங்க. பொழுது சாயப் போகுதுங்க. யானை எறங்கி வருமுங்க."

நான் மகளைப் பார்த்தேன். அவள் தூரத்தில் தெரிந்த பேக்கரியைப் பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்."

"அப்ப ஆனை இல்லாத ஊர விட்டுட்டு ஆனை வர்ற ஊருக்கு எதுக்குடி போட்ட?"

பேக்கரிக்கு இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்து டீ சொன்னேன். டீ வாயில் வைக்க முடியவில்லை. தேயிலைக்கு நடுவில் குடியிருக்கிறவளுக்கு வந்த சோதனை. மகள் அந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஐதராபாத் போயிட்டா செவுத்துக்கு யாரும்மா பதில் தட்டுவா?"

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். எங்கள் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக இருக்கும். ஆனை வாசலுக்கு வந்துவிட்டால் கத்தக்கூடாது, கதவைத் திறக்கக்கூடாது. முதலில் பார்த்தவர் தன் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்துச் சுவரை மூன்று முறை தட்டுவார். அந்த வீட்டுக்காரர் பதிலுக்கு மூன்று முறை தட்டி, தன் விளக்கை அணைத்து, அடுத்த சுவரைத் தட்டுவார். இப்படியே கடைசி வீடு வரை போகும். பதில் வந்தால் உள்ளே இருப்பவர் விழித்துக்கொண்டார் என்று அர்த்தம். வராவிட்டால் இந்தப் பக்கம் இருப்பவருக்கு உயிரே இருக்காது. தெரியாமல் விடியும் முன்னே கதவைத் திறந்து வெளியே போனவர்களை எங்களுக்குத் தெரியும். அதை நான் எழுதப்போவதில்லை.

நானோ படுத்தால் இடியே விழுந்தாலும் எழமாட்டேன். என் வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே எங்கள் வீட்டில் பதில் தட்டுவது மகள்தான்.

"கோயம்புத்தூருன்னா சனி, ஞாயிறாவது ஊட்ல இருப்பேன்ல?"

"ஏன், ஆனை என்னா டூரிஸ்ட்டா? சனி, ஞாயிறு மட்டும் வர்றதுக்கு?"

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். உடனே எனக்கு அழுகை வந்துவிட்டது, பேக்கரியில் அத்தனை பேருக்கு முன்னால். என் குழந்தை மூன்று ஊரையும் எதை வைத்து எடை போட்டிருக்கிறாள் பாருங்கள்! எந்த ஊரில் நல்ல ஆய்வுக்கூடம், எந்த ஊரில் பெரிய நூலகம் என்று இல்லை. எந்த ஊரிலிருந்து ஓடிவந்தால் அம்மா பக்கத்தில் இருக்கலாம் என்று. பெருமையாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. "நான் தூங்குமூஞ்சியாப் பொறந்ததுக்கு நீ படிப்ப விடுவியா? மரியாதையா ஐதராபாத்துக்குப் போடு" என்றேன். "நீ முழிப்பன்னு தெரிஞ்சாத்தான் போடுவேன்" என்றாள். என் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது, யாரைக் குறை சொல்ல?

ஊருக்குத் திரும்பியதும் கட்டிலை இழுத்து அக்கா வீட்டுச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். மகளும் அக்காவும் அந்தப் பக்கமிருந்து தட்டிப் பார்க்கிறார்கள். எனக்கென்ன தெரியும், நான் நிஜமாகவே தூங்கிவிட்டேன். அம்மிக் குழவியால் இடித்தும் எழவில்லையாம். எழுப்பியபோது மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐதராபாத் போச்சு என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

அக்காதான் யோசனை சொன்னாள். என் தலைக்கு மேலே அந்தச் சுவரில் சின்னப் பலகை ஒன்றைச் சாய்வாக அடித்து, அதன் ஓரத்தில் எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கி வைத்தோம். அடுத்த ஞாயிறு மறுபடியும் சாப்பிட்டுப் படுத்தேன். மூன்று தட்டு. டம்ளரெல்லாம் என் மேலேயே வந்து விழுந்தன. "எவடி அவ!" என்று கத்திக்கொண்டு எழுந்தவள், நினைவு வந்து பதிலுக்குச் சுவரைத் தட்டினேன். அந்தப் பக்கம் என் மகள் கை தட்டிக் குதிக்கிற சத்தம் கேட்டது. அன்று சாயங்காலமே கொட்டகையில் நின்று ஐதராபாத்துக்கு விண்ணப்பம் போட்டாள். நுழைவுத் தேர்வு எழுதினாள், இடம் கிடைத்தது. ரயில் ஏற்றிவிட்டு வந்தேன்.

போன பிறகு ஆனை வந்தது. டம்ளர் விழுந்தது. எழுந்தேன், பதில் தட்டினேன். காலையில் அதை அவளிடம் சொன்னபோது அவள் விட்ட மூச்சு போனிலேயே கேட்டது.

போன வாரம் பொழுது இறங்குகிற நேரம் கூப்பிட்டாள். வீட்டில் பின் ஜன்னல் ஓரம் நின்றால் பேச்சு மட்டும் கேட்கும். ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பெண் காலண்டர் மாட்ட ஆணி அடித்திருக்கிறாள். இவள் உடனே விளக்கை அணைத்து, பதிலுக்கு மூன்று தட்டுத் தட்டிவிட்டு, இருட்டில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெண் வந்து, சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாளாம். சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள்.

"இங்க செவுத்துக்கு அந்தப் பக்கம் யாருக்குமே தெரியாதும்மா" என்றாள். குரல் உடைந்திருந்தது.

போனைப் பிடித்தபடியே எட்டி, அக்கா வீட்டுச் சுவரை மூன்று முறை தட்டினேன். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான். யோசித்துச் செய்யவில்லை. அடுத்த நொடி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா மூன்று தட்டினாள். அவள் வீட்டு விளக்கு அணைந்தது. அதற்கடுத்த வீட்டுச் சுவர், அதற்கும் அடுத்தது, சத்தம் வரிசையாகத் தள்ளித் தள்ளிப் போனது. ஜன்னல் வழியே பார்த்தால் கடைசி வீடு வரைக்கும் இருட்டு.

"என்னம்மா சத்தம்? ஆனையா?" என்றாள் பதறிப்போய்.

"ஆனை இல்ல பாப்பா. எல்லாரும் ஒனக்குப் பதில் தட்டுறாங்க" என்றேன்.