மீன் கொழுப்புக்கு எந்த உப்பு

மும்பை செம்பூரில் ஓர் ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவுவது என் வேலை. அங்கே ஆராய்ச்சி செய்யும் மேடம் முலுண்டிலிருந்து ரயிலில் வருவார். என்னைவிட இளையவர், என்னை அக்கா என்பார். நான் தலையாட்டுவதோடு சரி.

அந்த வாரம் அவர் பொம்பில் மீனின் கொழுப்பைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கரைப்பான் கொழுப்பை மெல்லிய குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு வகைக் கொழுப்பும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வந்து திரையில் கூம்பாக எழும். கரைப்பானில் சிறிது உப்பு சேர்த்தால் கூம்பு தெளிவாகும். அம்மோனியம் ஃபார்மேட்டா, அம்மோனியம் அசிடேட்டா என்பதுதான் கேள்வி.

முதலில் ஃபார்மேட் போட்டார். நடுவில் வேண்டாத ஒரு குன்று. அசிடேட் போட்டார். அதே இடத்தில் அதே குன்று.

“லோக்கல்ல சீட் பிடிச்ச மாதிரி அங்கயே வந்து உக்காந்துக்குது” என்றார். “ஒரு தடவைக்குத்தான் சாம்பிள் இருக்கு அக்கா. இதுவும் போச்சுன்னா மொத்த வேலையும் பர்பாத். உப்பே வேணாம், வெறும் ஆசிட் போட்டுப் பாக்கறேன்.”

நான் தொட்டியோரம் இருந்த சோப்பைப் பார்த்தேன். கரைப்பான் பாட்டிலில் சோப்பு படக் கூடாது, பட்டால் அதுவும் திரையில் எழும் என்று சேர்ந்த புதிதில் சொல்லியிருந்தார்கள். ஆனால் தாராவியில் எங்கள் வீட்டில் மீன் பட்ட பாத்திரத்துக்கு இரண்டு முறை சோப்பு. மீன் மேசையில் இருந்த பாட்டில்களைப் பார்த்ததும் கை தானாகத் தேய்த்துவிட்டது.

சொல்ல வேண்டியதைத் தொட்டியடியில் மூன்று முறை முணுமுணுத்துப் பார்த்தேன். அதற்குள் அவர் சாம்பிளைக் கையில் எடுத்துவிட்டார்.

“மேடம், கொஞ்சம் நில்லுங்க. அந்தப் பாட்டில்கள நாந்தான் சோப்பு போட்டுக் கழுவுனேன். ரெண்டு தடவ.”

“ரெண்டு தடவையா?”

“வாடை போவணும்லா.”

மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வாடை போச்சோ இல்லயோ, மூணு நாளா என் தூக்கம் போச்சு அக்கா.”

புதுப் பாட்டில்கள் திறந்தோம். குழாயை மதியம்வரை சுத்தக் கரைப்பானால் அலசினார். பிறகு ஃபார்மேட், அசிடேட் போட்டபோது திரையில் வந்த படங்கள் இரண்டையும் என் முன்னால் வைத்தார்.

“குன்றை விடுங்க. மத்ததுல எது நல்லா இருக்கு?”

ஃபார்மேட் படத்தில் கூம்புகள் ஒல்லியாக, உயரமாக இருந்தன. விரலால் தொட்டேன்.

“எனக்கும் அதான்” என்று கடைசிச் சாம்பிளை ஏற்றினார்.

நான் துடைத்த பாட்டிலையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன். கூம்புகள் வரிசையாக எழுந்தன. குன்று எழும் அந்த இடமும் வந்தது, கோடு அசையாமல் கடந்து போனது.

“சீட் காலி அக்கா” என்றார்.