ரிச்சர்ட்ஸ் டவுன் முகவரி

தொண்ணூறுகளில் நாங்கள் பெங்களூரில் பொம்மனஹள்ளியில் இருந்தோம். மாதம் ஒருமுறை என் மனைவி ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய் வருவாள். இரண்டு பஸ் மாற வேண்டும். இந்தச் செலவு அவசியமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அவள் இறந்து, காரியம் முடிந்த அன்று மைத்துனர் என்னைத் தனியே அழைத்தார். தையலில் கிடைத்த காசை அவள் எங்கள் மகளுக்காக ஒரு கம்பெனி டெபாசிட்டில் போட்டு வந்தாளாம். வட்டிக் காசோலை வரும் கவர்கள் அவர் வீட்டு முகவரிக்கே வந்தனவாம்.

"நம்ம வீட்டுக்கு வந்தா என்ன?"

"நீங்க பிரிச்சுப் பாத்துடுவீங்கன்னு அக்காவுக்கு பயம், மாமா. அப்புறம் பைசா பைசாவா கணக்கு கேப்பீங்களாம்."

"சரி, எவ்வளவு இருக்கு?"

அவர் தலைகுனிந்துகொண்டார். "அத மட்டும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சு. எல்லாத்தையும் பொண்ணுகிட்ட குடுத்துட்டேன்."

நான் குடித்து அழித்தவன் இல்லை. வீட்டுக்காகத்தான் கணக்குப் பார்த்தேன். இருந்தும் திருடனுக்குப் பயந்து ஒளிப்பதுபோல் என்னிடமிருந்து ஒளித்திருக்கிறாள். மகளிடம் நான் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை.