ஒரு தடவை அரைக்கக் கொண்டுவரும் தானியம்

ஆங்கிலத்தில் 'கிரிஸ்ட்' என்று ஒரு பழைய சொல் உண்டு. திருப்பதிக் கல்லூரியில் பாடம் நடத்திய நாட்களில், நூலகத்தின் பெரிய அகராதியில் அதற்குப் பொருள் தேடினேன். மாவு ஆலைக்கு வரும் தானியம். அரைத்து வந்த மாவு. சாராயம் காய்ச்ச நொறுக்கிய முளைதானியம். அரைப்பது என்ற வினையிலிருந்து பிறந்ததாம். பல்லைக் கடிப்பதைக் குறித்த ஒரு பழஞ்சொல்லிலும் அது இருந்ததாகப் போட்டிருந்தது. இன்னொரு பொருளும் இருந்தது: ஒருவர் ஒரு தடவை அரைக்கக் கொண்டுவரும் தானியம். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். வகுப்பில் அந்தச் சொல் வந்தபோதெல்லாம் முதல் பொருளை மட்டும் சொல்லி நகர்ந்தேன்.

புத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்கள் சித்தப்பா மாவு மிஷின் வைத்திருந்தார். ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லையை எங்கே போடுவது என்று பேச்சு நடந்த காலம். நான் பி.ஏ. முடித்திருந்தேன். எங்கள் ஊர்கள் மதராஸோடு சேரவேண்டும் என்று மனு எழுதி, மிஷினுக்கு வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கினேன். மிஷினையும் நானே பார்த்துக்கொண்டேன்.

ஒருவர் தானியம் அரைத்து முடிந்தாலும் கல்லில் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும். அது அடுத்தவர் மாவில் விழும். அதனால் ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்திருந்த காலனிக்காரர்கள் எப்போது வந்தாலும் கடைசியில்தான் அரைக்கவேண்டும். யாரும் எழுதிவைக்காத சட்டம்.

ஒரு நாள் பிற்பகல், காலனியிலிருந்து ஒருத்தி கேழ்வரகுக் கூடையோடு முதல் ஆளாக வந்தாள். மனுவை நீட்டினேன்.

"நீங்க தமிழ்தானே பேசறீங்க?"

"வேற இன்னா பேசறோம் சாமி?" என்று சிரித்துக்கொண்டே கட்டைவிரலை மையில் வைத்தாள். பிறகு, "எம் பொண்ணுக்குத் திருப்பதி ஆஸ்பத்திரில கொயந்த பொறந்துகீது. ஒடம்பு சரியில்லன்னு சொல்லி அனுப்பிகீறாங்க. சாயந்தர ரயிலுக்குப் போவணும். மாவு எடுத்துக்கினு போனா கூயாவது காச்சிக் குடுப்பேன்" என்றாள்.

அதற்குள் எங்கள் உறவுக்காரப் பெண்கள் வந்துவிட்டார்கள். நான் அவள் கூடையை எடுக்கப் போனேன்.

"அந்தக் கேவுரு வுழுந்த கல்லுல எங்க மாவு வுழணுமா, மாப்ளே? பட்டணத்துல இதான் படிச்சியா?" என்றாள் ஒரு அத்தை.

"ரயிலுக்கு நேரமாவுது அத்தே."

"அவளுக்காவ நிக்கச் சொல்லு, மாமியாரு வூட்டு வண்டிதானே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூடையைச் சுவரோரம் வைத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் வரிசையாக அரைத்துக் கொடுத்தேன். அவள் ஸ்டேஷன் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவள் கூடையைத் தூக்கித் தொட்டியில் சாய்க்கப் போனபோது ரயில் ஊதியது.

"வோணா சாமி, வுட்டுடு" என்று கூடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ரயில் கிடைக்கவில்லை. மறுநாள் காலை வண்டியில்தான் போனாள்.

மூன்று நாள் கழித்து, மனுவைக் கொடுக்கச் சித்தூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். திருப்பதி பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள். கையில் துணியில் சுற்றிய குழந்தை. என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"நான் போய்ச் சேர்றதுக்குள்ள, விடியக்காலமே எம் பொண்ணு போயிட்டாளாம் சாமி. அம்மா வந்தாச்சா, அம்மா வந்தாச்சான்னு கேட்டுக்கினே இருந்தாளாம்."

அவள் என்னைத் திட்டவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்திருக்கும்; நான் எதிரில் இருந்தேன்.

"மனு குடுக்கப் போறேன். பஸ் வந்துடுச்சு" என்றேன். ஏறிக்கொண்டேன்.

மனு பலிக்கவில்லை. திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று. நாங்கள் ஆந்திராவிலேயே இருந்தோம். அவளும் அதே ஊரில் பல வருஷம் இருந்தாள். பேரக் குழந்தையை வளர்த்தாள். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் எதிரில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க எந்த நாளும் முடிந்திருக்கும். கேட்கவில்லை. வெட்கம் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். வெட்கம் இல்லை. அவளிடம் போய் நிற்பதை அத்தைகள் பார்த்துவிடுவார்களே என்ற பயம்.