ஊர் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

எங்கள் முகாமுக்கு விஞ்ஞானமும் சுகாதாரமும் நற்பிரசையும் ஒரே சனிக்கிழமையில், ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கின. ஓட்டி வந்தவர் சிலாபத்துக்காரர். சிறுவர் கழகம் ஒன்று தொடங்கப் போவதாகவும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் எல்லோரும் சேரலாம் என்றும் மத்ரஸா மண்டபத்தில் நின்று சொன்னார். அறிவு, ஆரோக்கியம், நல்ல குடிமகன் என்று மூன்று விரல்களை மடக்கிக் காட்டினார். நாங்கள் அவருடைய மற்றக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் பிஸ்கட் பெட்டி இருந்தது. அல்லாஹ் பொறுத்துக்கொள்ளட்டும், நான் நற்பிரசையானது முதலில் அந்தப் பிஸ்கட்டுக்காகத்தான்.

அவரைச் சேர் என்று கூப்பிட்டோம். களைப்பே தெரியாத மனிதர். வெப்பமானியை வெயிலில் வைத்து, நிழலில் வைத்து, எழுதச் சொல்வார். கழகத்து உறுதிமொழியைச் சத்தமாகச் சொல்ல வைப்பார். யார் என்ன பிழை விட்டாலும் "ஹரி, ஹரி" என்று, சரி சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லித் தட்டிக்கொடுத்துவிட்டு, தமிழில் திருத்துவார். கை கழுவுவதற்கு ஏழு முறைகள் இருப்பதை அவரிடம்தான் கற்றேன். அன்றைக்கே வீட்டுக்குப் போய் ஏழையும் செய்து காட்டினேன். அரைக் குடம் தண்ணீர் முடிந்தது. உம்மா அகப்பையோடு வந்தார்.

"உன்ட சேரை வந்து ஒரு நாளைக்கு என்னோட தண்ணி அள்ளச் சொல்லு. அதுக்குப் பொறகு எத்தின முறை கழுவுறாரு எண்டு பாப்பம்."

உம்மாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. முகாமில் இருந்த கிணறுகள் எல்லாம் உவர். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பெரிய வீதிச் சந்திக் குழாய்க்குப் போக வேண்டும். காலையில் இரண்டு குடம், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு குடம். வரிசையில் நிற்பதும், வரிசைக்காகச் சண்டை பிடிப்பதும், இடுப்பு வலி என்று இரவில் தைலம் பூசுவதும் உம்மாவின் நாளில் பாதியைத் தின்றன.

இப்படி இருக்கும்போதுதான் சேர் ஒரு வேலை தந்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடைய ஊரை வரைந்து வர வேண்டும். பள்ளிவாசல், பாடசாலை, கிணறு, பாதை எல்லாம் இருக்க வேண்டும். தூரத்தைக் காலடியால் அளக்க வேண்டும். நூறு காலடிக்கு ஒரு விரல் அகலம். நல்ல இடத்துக்குப் பச்சைப் புள்ளி. குப்பையும் தேங்கிய தண்ணீரும் நுளம்பும் உள்ள கூடாத இடத்துக்குச் சிவப்புப் புள்ளி. அடுத்த சனிக்கிழமை கண்காட்சி. தண்ணீர்த் தாங்கி கொடுக்கிற அலுவலகத்திலிருந்து ஒரு மிஸ் வந்து பார்ப்பார். வரைபடத்தைப் பார்த்துத்தான் தாங்கியை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பார்கள்.

உம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். அன்றைக்கு என் பங்குக்கு ஒரு முட்டை பொரித்துத் தந்தார். "எங்கட ஒழுங்கை முனையப் பெரிசாக் கீறு. சந்திக்கு எத்தின காலடி எண்டு எழுது. எழுதித் தா மகள்," என்றார். அப்படி ஒரு குரலில் உம்மா என்னிடம் எதையும் கேட்டதில்லை.

ஆனால் நான் என்ன செய்தேன்? சேர் சொன்னது "உங்கட ஊர்" என்றல்லவா? எங்கள் வீடுகளில் ஊர் என்றால் ஓர் இடம்தான். அது மன்னார்ப் பக்கம் இருந்தது. யுத்தத்தில் அங்கிருந்து விரட்டப்பட்ட எங்கள் ஆட்கள் புத்தளத்தில் வந்து குடியிருந்த இடத்துக்கு முகாம் என்று பெயர். கிடுகுக் கொட்டில்கள் கல்வீடுகளாகிப் பல வருடம் கழிந்தும் அது முகாம்தான். நான் புத்தளம் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், ஊரை ஒரு நாளும் கண்டதில்லை. ஆனாலும் எந்த ஊர் என்று யார் கேட்டாலும் அந்தப் பெயரைத்தான் சொல்வேன். வீட்டுக்கு வரும் சின்னப் பாதையான ஒழுங்கையின் முனை உம்மாவின் ஆசை, ஊர் கழகத்தின் வேலை என்று இரண்டையும் வேறு வேறாக எடுத்துக்கொண்டேன். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பாவம், சேருக்கும் வரவில்லை.

வாப்பா உப்பளத்தில் வேலை செய்தார். வீட்டுக்கு வந்தால் காலைக் கழுவிக்கொண்டு பாயில் சாய்வதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்து நான் காணவில்லை. ஊரை வரையப் போகிறேன் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கடைக்குப் போய்ப் பெரிய டிமை தாள் வாங்கி வந்தார். பள்ளிவாசலிலிருந்து குளக்கட்டுக்கு எத்தனை காலடி என்று கேட்டால் முற்றத்தில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து எண்ணிச் சொன்னார். புளியமரம், அரிசி மில், மத்ரஸா, யார் வீட்டு வேலி எங்கே வளைகிறது என்பதுவரை வந்தது. மூன்று நாள் இப்படிப் போயிற்று. பள்ளிவாசலின் பின்பக்கம், இறந்தவர்களை அடக்கும் பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. "அங்கால மையவாடி. அதுக்குள்ள வேற ஒண்டுமில்ல, விடு," என்றார்.

உம்மா கண்டுவிட்டார். யா அல்லாஹ், அந்த ஏச்சு!

"அந்தக் காட்டுக்கா தண்ணி டாங்கி வெக்கப் போறாங்க? யாருக்கு, ஆனைக்கா? பதினாலு வருசமா இந்த மனிசனுக்கு ஆத்தில ஒரு கால், சேத்தில ஒரு கால். நாளைக்குப் போறம் நாளைக்குப் போறம் எண்டு வீட்டுக்குச் சீமெந்து நிலமும் போடல்ல. இப்ப புள்ளைக்கும் அதே பைத்தியம்."

வாப்பா எழுந்து முற்றத்துக்கு இறங்கிவிட்டார். நான்தான், "சேர் ஊரைத்தான் கீறச் சொன்னார்," என்று வாய் காட்டினேன். கழகம் தந்த தைரியம்.

கண்காட்சிக்கு முதல் நாள் பின்னேரம் வீட்டில் நானும் உம்மாவும் மட்டும் இருந்தோம். நான் குளத்துக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தேன். உம்மா ரொட்டிக்கு மா குழைத்த கையோடு வந்து பின்னால் நின்றார். கிழித்துப் போடப் போகிறார் என்று தாளைக் கையால் மூடிக்கொண்டேன். அவர் என் கையை விலக்கிவிட்டுக் குந்தினார். நெடுநேரம் பார்த்தார்.

"ஒரு கிணத்த விட்டுட்டார் உன்ட வாப்பா," என்றார். "மையவாடிச் செவரோட ஒட்டி இருந்த. இங்க."

மையவாடி ஓரம் கிணறு இருக்கக் கூடாது என்று சேர் சொல்லித் தந்த விஞ்ஞானத்தை நான் எடுத்துவிட்டேன். "அங்கதான் இருந்த. கீறு," என்றார். கீறினேன். பிறகு சுட்டுவிரலை மையவாடியின் உள்ளே, கிணற்றுக்கு நேராக, ஓரிடத்தில் ஊன்றினார். தாளில் மாவு ஒட்டியது. "இதில ஒரு புள்ளி வை."

"என்ன புள்ளி?"

"வை எண்டா வை."

பென்சில்களில் சிவப்புத்தான் கூராக இருந்தது. வைத்தேன். உம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாள் மண்டபத்தில் பதினான்கு வரைபடங்கள் தொங்கின. சுருட்டிக் கொண்டுவந்ததை அப்போதுதான் விரித்தோம். சேர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார், முகம் மாறிக்கொண்டே போனது. எங்கள் முகாமின் மூலைமுடுக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் சுற்றியவர் அவர். அங்கே குளம் இல்லை. இங்கே பதினொரு தாள்களில் குளம் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்துப் பையன் இரண்டு பக்கமும் கடைகள் உள்ள வீதியை வரைந்திருந்தான். "இந்தக் கொளம் எங்க பிள்ள இருக்கு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஊர்ல சேர்," என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். அதற்குள் மிஸ் வந்துவிட்டார், என்னை விளக்கச் சொல்லிவிட்டார்கள்.

தடியை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். பெற்றோர் எல்லோரும் இருந்தார்கள். வாப்பா கதவோரம், உம்மா பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில். குளத்தைச் சொன்னேன், பாடசாலையைச் சொன்னேன், காலடிக் கணக்கை மூச்சுவிடாமல் சொன்னேன். வாப்பாவின் முகம் பூரித்துப் போயிருந்தது. மிஸ் தாளில் இருந்த ஒரே ஒரு சிவப்பைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் விதி என்னிடம் இருந்தது: சிவப்பு என்றால் கூடாத இடம்.

"இந்த இடத்தில குப்பை, நுளம்பு பெருகுது மிஸ்," என்றேன், சத்தமாக. "இதைத் துப்பரவாக்கி மூட வேணும்."

கைதட்டினார்கள். மிஸ், கெட்டிக்காரி என்றார். நான் வாப்பாவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் உம்மா எழுந்து, முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார். தாங்கி கைவிட்டுப் போன கோபம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு குடமும் நிரம்பி இருந்தன. உம்மா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எப்படியும் பேச்சு வாங்கப் போகிறோம், நல்ல பிள்ளையாக இருப்போம் என்று குடத்திலிருந்து ஊற்றி ஏழு முறையும் கை கழுவினேன். உம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சொல் ஏசவுமில்லை. மன்னித்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம்.

தாங்கி கைவிட்டுப் போகவில்லை. சேர் நல்ல மனிதர்; இரண்டு கிழமை தவணை வாங்கி, "இப்ப நீங்க தூங்கி எழும்புற எடத்தக் கீறுங்க பிள்ளைகள்," என்று திருத்திச் சொன்னார். இந்த முறை உம்மாவே என்னோடு நடந்து சந்திவரை காலடி எண்ணினார். எங்கள் ஒழுங்கை முனையில் பச்சைத் தாங்கி வந்து நின்றது. உம்மா முதல் குடத்தைப் பிடித்து, ஒரு மிடறு குடித்துப் பார்த்து, "நல்லம்," என்றார். அவ்வளவுதான். பழைய வரைபடம் என்னவாயிற்று என்று நான் தேடவில்லை. அதற்குப் பரிசு கிடைக்கவில்லையே.

யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு, என் பதினேழாவது வயதில், வேன் பிடித்து ஊர் பார்க்கப் போனோம். ஊர் இல்லை, காடு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு காலடி சொன்ன வாப்பா, கண்ணைத் திறந்துகொண்டு திசை தெரியாமல் நின்றார். புளியமரம் இல்லாமல் அவரால் எதையும் பிடிக்க முடியவில்லை. அப்போது உம்மா கைப்பையைத் திறந்து, பொலித்தீன் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என்னுடைய டிமை தாள். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. அலுமாரியில் உடுப்புக்கு அடியில் வைத்திருந்தாராம்.

பள்ளிவாசலின் ஒரு பக்கச் சுவர் எஞ்சியிருந்தது. அங்கிருந்து உம்மா எண்ணிக்கொண்டு நடந்தார். கொடி மூடிய ஒரு கிணற்றுக் கட்டில் போய் நின்றார். சேரின் விஞ்ஞானத்துக்கு மாறாக, கிணறு அங்கேதான் இருந்தது. எதிரே பற்றைக்காடு. உம்மா சுட்டுவிரலை நீட்டினார்.

வாப்பாதான் சொன்னார், என்னைப் பார்க்காமல். "உனக்கு மூத்தது. ஆம்பிளப் புள்ள. இருவத்தாறு நாள் இருந்திச்சி."

எங்கள் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. பிள்ளையைக் கொண்டுபோன அன்று உம்மா பெற்ற உடம்போடு அறைக்குள் இருந்தார். நாற்பது நாள் கழிந்து தண்ணீர் அள்ள வந்த முதல் நாள், வாப்பா கூட வந்து, இந்தக் கிணற்றடியில் நின்று, சுவருக்கு மேலால் விரலை நீட்டி இடத்தைக் காட்டினார். அதற்குப் பிறகு உம்மா வேறு கிணற்றில் அள்ளவில்லை. அதே வருடம் துவக்கோடு வந்த இயக்கத்தார் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். "இந்தக் கிணத்த நான் மறக்கல்ல மகள்," என்றார் வாப்பா. "உம்மா பாத்தா அழுவா எண்டுதான் உனக்குச் சொல்லல்ல."

அந்த மண்டபமும் தடியும் கைதட்டலும் என் முன்னால் வந்து நின்றன. உம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"நீதானே சொன்னாய், துப்பரவாக்க வேணும் எண்டு," என்றார். "போ மகள். துப்பரவாக்கு."

மையவாடிச் சுவர் விழுந்து மண்ணோடு போயிருந்தது. எது உள்ளே, எது வெளியே என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. வாப்பா கத்தியால் பற்றையை வெட்ட, நான் கையால் பிடுங்கினேன். உம்மா கிணற்றடியை விட்டு ஓர் அடியும் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் இங்கால," என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டு வந்தபோது முகாமிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் கையில் ஊற்றினார். மண் போகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார். கண்காட்சி நாளில் நான் அவ்வளவு தண்ணீரைக் கொட்டியும் உம்மா ஏன் ஏசவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பதினொரு வயதில் அதை மன்னிப்பு என்று நினைத்துவிட்டேன். அன்று உம்மாவுக்குத் தண்ணீர் கொட்டுகிற சத்தமே கேட்டிருக்காது.